தம்பிக்குத் தெரியாம மாத்திரைய மைலோவுல கலந்து குடுக்கலாமா?

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 23 வயசு. நேஷனல் சர்வீஸ் முடிச்சுட்டு யூனிவர்சிட்டில சேர்ந்தான். நாலு மாசத்துக்கு முன்னாடி தற்கொலை முயற்சி பண்ணிட்டான். நான்தான் பார்த்து ஆம்புலன்ஸுக்கு, 995க்கு கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஐஎம்எச்சுக்கு (சிங்கப்பூர் மனநல ஆஸ்பத்திரி) அனுப்புனாங்க, அவன் வீட்டுக்குப் போகணும்னு சொல்லச் சொல்ல சட்டப்படி அங்கேயே வச்சுக்கிட்டாங்க. இப்ப வீட்டுல மாத்திரை சாப்பிடுறான். சிரிக்கவும் மாட்டேங்குறான், அழவும் மாட்டேங்குறான். "என்னைக் கேக்காம காப்பாத்தின, இப்ப மருந்து குடுத்து பொம்மையாக்கிட்டீங்க, நான் நிறுத்தப் போறேன்"ங்குறான். அம்மா அவனுக்குத் தெரியாம மைலோவுல கலந்து குடுத்துடலாம்ங்குறாங்க. அப்பாவுக்கு அவன் சத்தம் போடாம இருக்குறதே போதும். சித்தப்பா இது பெரிய பாவம், ஜென்மத்துக்கும் விடாதுங்குறார். அவன் ஃப்ரெண்டு ஒருத்தன் சாகுறது அவனவன் உரிமைங்குறான். நான் செஞ்சது சரியாக்கா? இனிமே என்ன செய்யறது? - ஈசூன் வாசகி

பதில்: தங்கச்சி, மொதல்ல ரெண்டையும் நேரா சொல்லிடுறேன். 995க்கு கூப்பிட்டது சரி, அதுல உங்களுக்கு இனிமே சந்தேகமே வேணாம். மாத்திரைய மைலோவுல கலக்குறது தப்பு, அம்மாவ அந்த எண்ணத்த இன்னிக்கே விடச் சொல்லுங்க. அன்னிக்கு அவன் விருப்பத்த மீறினது சரிங்குறேன், இன்னிக்கு மீறக்கூடாதுங்குறேன், கேக்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத மாதிரி இருக்கும். ஆனா ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

அந்த ஃப்ரெண்டு சொல்றத எடுத்துக்குவோம். தனி மனுஷனோட சுதந்திரத்துக்காக ரொம்ப வாதாடினவர் இங்கிலாந்துக்காரர் ஜான் ஸ்டூவர்ட் மில், ஒருத்தன் தனக்குத்தானே கெடுதல் பண்ணிக்கிட்டாலும் ஊரும் அரசாங்கமும் அவனக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 1859லயே எழுதினவர். அவரே ஒரு விதிவிலக்கு சொல்றார். இடிஞ்சு விழப்போற பாலத்துல ஒருத்தன் விஷயம் தெரியாம ஏறப்போறான், எச்சரிக்கக்கூட நேரமில்ல, அப்ப புடிச்சு இழுத்துடலாம், அதனால அவன் சுதந்திரம் போயிடாது, ஏன்னா அவன் ஆத்துல விழணும்னு ஆசைப்படல. தெரிஞ்சேதான் ஏறுறான்னா? அங்கயும் சின்னப் புள்ளைங்க, ஜன்னி வந்தவங்க, மனசு கலங்கி யோசிக்க முடியாத நிலையில இருக்குறவங்க இவங்களையெல்லாம் அவர் தனியாத்தான் வைக்கிறார். கடுமையான டிப்ரெஷன்ல இருக்குறவனுக்கு சாவு பல வழியில ஒண்ணா தெரியாது, மத்த வழியெல்லாம் மறைஞ்சு போயி அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், அத எப்படி சுதந்திரமா எடுத்த முடிவுன்னு சொல்றது?

இது வெறும் வாதமும் இல்ல. சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பாலத்துக்கு தற்கொலை எண்ணத்தோட வந்து தடுத்து திருப்பி அனுப்பப்பட்ட 515 பேர் பின்னாடி என்ன ஆனாங்கன்னு ரிச்சர்ட் சைடன்ங்குறவர் தேடிப் பார்த்து 1978ல எழுதினார். அதுல சுமார் 94 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, இல்லன்னா இயற்கையா இறந்திருந்தாங்க. தடுத்தா வேற எங்கயாவது போயி செஞ்சுக்குவாங்கன்னு நம்ம ஜனங்க சொல்றத நம்பாதீங்க. நீங்க அன்னிக்கு அவன் வாழ்க்கைய பறிக்கல, யோசிக்கிறதுக்கு அவனுக்கு நேரம் வாங்கிக் குடுத்தீங்க.

ஐஎம்எச்ல வச்சுக்கிட்டதும் அதுக்குத்தான். 2008ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, ஒருத்தருக்கு மனநோய் இருக்கு, அவரோட ஆரோக்கியத்துக்கோ பாதுகாப்புக்கோ மத்தவங்க பாதுகாப்புக்கோ வச்சுக்கிட்டே ஆகணும்னா மட்டும்தான் அப்படி வச்சுக்கலாம். மொதல்ல 72 மணி நேரம்தான். அதுக்கு மேல வேணும்னா இன்னொரு டாக்டர் பார்த்து ஒரு மாசம், அதுக்கும் மேலன்னா ரெண்டு டாக்டர் பார்த்து அதிகபட்சம் ஆறு மாசம். ஒவ்வொரு கட்டத்துலயும் மறுபடி டாக்டர் பார்த்து இவர இன்னும் வச்சுக்கணுமான்னு கேட்டே ஆகணும், அந்தக் கட்டாயத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கு பாருங்க, அதனாலதான் நான் அத ஏத்துக்குறேன். முடிவுத் தேதி இல்லாம ஒருத்தர அடைச்சு வச்சா அத வைத்தியம்னு நான் சொல்ல மாட்டேன்.

சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை. பாவம்ங்குற பேச்சால இதுவரைக்கும் நடந்தது என்னன்னா வீட்டுக்குள்ள மூடி மறைச்சதுதான். இங்க சிங்கப்பூர்லயே 2019 கடைசி வரைக்கும் தண்டனைச் சட்டத்தோட 309வது பிரிவு இருந்துச்சு, தற்கொலை முயற்சிக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 2020 ஜனவரி 1லேர்ந்து அது இல்ல (ஒருத்தரத் தூண்டிவிடுறது இப்பவும் குத்தம்தான்). கத்தோலிக்க சபையும் முந்தி அடக்க பூஜைகூட மறுத்துச்சு, 1983 சபைச் சட்டத்துல அந்தத் தடைய எடுத்துட்டாங்க, மனசு கடுமையா பாதிக்கப்பட்டவங்க மேல முழுப் பொறுப்ப சுமத்த முடியாதுன்னு இப்ப அவங்களே போதிக்கிறாங்க. சட்டமும் சபையும் மாறியாச்சு. சித்தப்பா வேணும்னா கோயில்ல போயி அவனுக்காக வேண்டிக்கட்டும், அவன் காதுபட பாவம் புண்ணியம் பேச வேணாம்னு நீங்களே கண்டிப்பா சொல்லுங்க, பெரியவர்னு தயங்காதீங்க.

இப்ப மருந்து விஷயம். தம்பி பொம்மையாக்கிட்டீங்கன்னு சொன்னத கோவத்துல சொன்னதா தள்ளிடாதீங்க. மருத்துவத்த வச்சு மனுஷங்கள அடக்கின கதை நிஜமாவே இருக்கு. மூளையில வெட்டி ஆளுங்கள அமைதியாக்குற ஆபரேஷனுக்காக எகாஸ் மோனிஸ்ங்குற போர்ச்சுகல் டாக்டருக்கு 1949ல நோபல் பரிசே குடுத்தாங்க. அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேருக்கு செஞ்சாங்க, நோயாளி சத்தம் போடல, அதனால குணமாயிட்டார்னு வீட்டுக்காரங்க சந்தோஷப்பட்டாங்க, ஆனா உள்ள இருந்த ஆளே போயிட்டார். இங்கிலாந்துல கம்ப்யூட்டர் மேதை ஆலன் டூரிங் ஆம்பளையோட உறவு வச்சிருந்தார்னு 1952ல கோர்ட்டு தண்டிச்சுது, ஜெயிலுக்குப் பதிலா ஹார்மோன் ஊசி. 1954ல அவர் செத்துட்டார், விசாரணையில தற்கொலைன்னு முடிவு சொன்னாங்க. அவருக்கு எந்த நோயும் இல்ல, சுத்தி இருந்தவங்களுக்குத்தான் அவர் இருந்த விதம் புடிக்கல.

அதே 1949லதான் ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்குற டாக்டர் லித்தியத்தப் பத்தி எழுதினார், பைபோலார் (மனசு ஒரேயடியா ஏறி இறங்குற நோய்) உள்ளவங்களுக்கு தற்கொலை அபாயத்தையே குறைக்கிற மருந்து அது, எத்தனையோ பேர் அதச் சாப்பிட்டுக்கிட்டே வேலைக்குப் போயி குடும்பம் நடத்துறாங்க. ஆக மருந்து எதுன்னு பார்த்தா மட்டும் பத்தாது. இந்த மருந்தால யாரோட கஷ்டம் குறையுது, அவனோடதா நம்மளோடதா, அதத்தான் பார்க்கணும். அப்பா நிம்மதியா இருக்கார்ங்குறீங்களே, எனக்கு உங்க லெட்டர்ல ரொம்ப உறுத்தினது அந்த வரிதான். அப்பாவக் குத்தம் சொல்லல, பயந்து போன மனுஷன். ஆனா வீடு அமைதியா இருக்குறதுக்காக புள்ள மரத்துப்போயி இருக்கணும்னா அது அவனுக்கான வைத்தியம் இல்ல.

நல்ல சேதி என்னன்னா இந்த மரத்துப்போற உணர்வு டிப்ரெஷன் மாத்திரைங்களோட தெரிஞ்ச பக்கவிளைவுதான். அளவக் குறைக்கலாம், வேற மாத்திரைக்கு மாத்தலாம், கூடவே பேச்சு சிகிச்சை சேர்க்கலாம். சில சமயம் நோய்தான் இன்னும் விடலன்னும் அர்த்தமா இருக்கலாம், அத டாக்டர்தான் பிரிச்சுப் பார்க்கணும், அதனால அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி தேதிய முன்னாடி கேளுங்க. ஆனா திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு அவன்கிட்ட தெளிவா சொல்லுங்க, தலைசுத்தல், பதட்டம், தூக்கமின்மை எல்லாம் வரும், நோயும் திரும்பலாம், நிறுத்தணும்னாலும் டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான். 25 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு இந்த மாத்திரைங்கள ஆரம்பிக்கிறப்பவும் அளவு மாத்துறப்பவும் மொத சில வாரம் தற்கொலை எண்ணம் கூடலாம், கவனமா பார்த்துக்கணும்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007லேர்ந்து எச்சரிக்கை போடுது. அதனால மாத்திரைய மாத்தினாங்கன்னா அந்தக் கொஞ்ச வாரம் வீட்டுல யாராவது அவன் கூடவே இருங்க.

மைலோவுக்கு வரேன். சில மாத்திரைங்க மெதுவா கரையுற மாதிரி செஞ்சது, நுணுக்கிப் போட்டா மொத்தமா ஏறிடும். அவன் தானாவும் சாப்பிட்டுட்டா டபுள் டோஸ். அவன் நிறுத்திட்டான்னு டாக்டர்கிட்ட சொல்லுவான், உடம்புல மருந்து இருக்கும், டாக்டர் தப்புக் கணக்குப் போடுவார். இதெல்லாத்தையும் விட, ஒருநாள் கண்டுபிடிப்பான். அன்னிக்கு அப்புறம் அம்மா கையால ஒரு தம்ளர் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டான், அடுத்த தடவ மனசு இருண்டு வர்றப்ப உங்ககிட்ட சொல்லவும் மாட்டான், நீங்க பயப்படவேண்டியது அதுக்குத்தான். அவன் முடிவ அவனே எடுக்கலாம்ங்குறத இந்த ஊர்ச் சட்டமும் ஒத்துக்குது, ஒருத்தர் எடுக்குற முடிவு நமக்கு முட்டாள்தனமா தெரியுதுங்குறதுக்காக அவருக்கு முடிவெடுக்குற திறனே இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு மனத்திறன் சட்டம் சொல்லுது. அன்னிக்கு ராத்திரி அவனால யோசிக்க முடியல, நீங்க அவனுக்காக யோசிச்சீங்க. இன்னிக்கு உக்காந்து பக்கவிளைவு பத்திப் பேசுறான், கோவப்படுறான், இது யோசிக்கிற ஆளு, முடிவ அவன் கையில திருப்பிக் குடுக்கணும்.

அவன்கிட்ட பேசுறப்ப சுத்தி வளைக்காதீங்க. "இப்பவும் சாகணும்னு தோணுதா?"ன்னே கேளுங்க, கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்பட வேணாம், அப்படி ஆகாது. "உன்னக் கேக்காம கூப்பிட்டேன், மறுபடியும் அப்படி ஒரு நிலமை வந்தா மறுபடியும் கூப்பிடுவேன், ஆனா மாத்திரை விஷயத்துல உனக்குத் தெரியாம எதுவும் நடக்காது"ன்னு சொல்லுங்க. அவன் நல்லா இருக்குற ஒரு நாள்ல, நிலமை மோசமானா யாருக்கு ஃபோன் பண்ணணும், எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து ஒத்துக்கல, எல்லாத்தையும் அவன் கையாலயே எழுதி வைக்கச் சொல்லுங்க. மாத்திரை டப்பாவ அம்மா வச்சுக்கிட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துக் குடுக்கலாமான்னு அவனையே கேளுங்க, ஒளிஞ்சு செய்யறதுக்கும் கேட்டு செய்யறதுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கு.

அவசரம்னா 995. அவனுக்கோ உங்களுக்கோ ராத்திரி பேச ஆள் வேணும்னா சமாரித்தன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767, 24 மணி நேரமும் எடுப்பாங்க. ஐஎம்எச் ஹெல்ப்லைன் 6389 2222, அதுவும் 24 மணி நேரம். உங்களுக்காகவும் யாரையாவது பாருங்க தங்கச்சி, நாலு மாசமா எல்லார் பாரத்தையும் நீங்களே சுமக்குறீங்க. பார்த்துக்குற குடும்பத்துக்காரங்களுக்கு கேர்கிவர்ஸ் அலையன்ஸ் இலவசமா பயிற்சி நடத்துறாங்க, அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.