மனதில் உருவாக்கிய துணை உடம்பு வலியைப் போக்குமா?

கேள்வி: எனக்கு வயது 29. ஊர் திருமங்கலம். மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒன்றரை வருடமாக இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். மாத்திரை போட்டுப் போட்டு வயிறு எரிகிறது. துல்பா என்று, மனதிலேயே ஒரு ஆளை உருவாக்கிப் பேசிப் பழகும் பயிற்சியைப் பற்றிப் படித்துவிட்டு, சில மாதங்களாகச் செய்கிறேன். இறந்துபோன அப்பத்தாவையே உருவாக்கினேன். அவர் இடுப்பைத் தடவிவிட்டால், வலி இருக்கிறது, ஆனால் முன்போலப் படுத்துவதில்லை. இது நிஜமா, பிரமையா? மாத்திரையை விட்டுவிடலாமா? மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவாரோ என்றும் இருக்கிறது.

பதில்: "வலி இருக்கிறது, ஆனால் படுத்துவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. வலி என்பது ஒன்றல்ல, இரண்டு. எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்ற உணர்வு ஒன்று. அது நம்மைப் போட்டு வதைப்பது இன்னொன்று. 1997-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், சிலரை ஹிப்னாசிஸ் என்ற மனவசிய நிலையில் ஆழ்த்தி, சுடுநீரில் கையை வைக்கச் சொன்னார்கள். வேதனை குறைகிறது என்று சொல்லச் சொல்ல, மூளையில் வேதனையோடு தொடர்புள்ள பகுதியின் இயக்கம் மாறியது. சூட்டின் அளவை உணரும் பகுதி பெரிதாக மாறவில்லை. உங்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் மாயம் எதுவும் இல்லை. தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறது என்று 1965-லேயே மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். மூளையும் எண்டார்பின் போன்ற சொந்த வலி மருந்தைச் சுரக்கிறது. பாலமேடு ஜல்லிக்கட்டில் மாடு குத்திக் காயம்பட்டவர்களில் சிலர், பரபரப்பு அடங்கிய பிறகுதான் ரத்தத்தையே பார்ப்பார்கள். அப்பத்தா கை பட்டால் சரியாகிவிடும் என்று சின்ன வயதிலிருந்தே உங்கள் உடம்பு நம்பிப் பழகியிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை உருவாக்கியிருந்தால் இவ்வளவு கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆக, நிவாரணம் நிஜம். அதைத் தருவது உங்கள் மூளை. துல்பாவை வலிக்கான சிகிச்சையாக மருத்துவம் ஏற்கவில்லை. கவனத்தைத் திருப்புவது, கற்பனை, தளர்வுப் பயிற்சி ஆகியவற்றுக்கு உள்ள பலன் இதற்கும் இருக்கலாம், அவ்வளவுதான். அப்பத்தாவால் நசுங்கிய நரம்பை விடுவிக்க முடியாது. கிருமித் தொற்றை ஆற்றவும் முடியாது. என் கவலையே அதுதான். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நரம்பும், முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டும் (டிஸ்க்) சரியாகத் தெரியாது. கால் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, இதில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, அந்த இடம் மரத்தாலோ அதே நாளில் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மாத்திரை விஷயம். டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் போடுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். குறைப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் நரம்பு வலிக்குத் தரும் பிரீகபாலின் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு மாத்திரையைவிட பிசியோதெரபி பயிற்சியும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும்தான் நீண்ட நாளைக்கு உதவும். கடைக்காரர் முறைத்தாலும் எழுந்திருங்கள்.

இன்னொன்று. 1929-ல் வெளிவந்த தன் திபெத் பயண நூலில் அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் என்ற பிரெஞ்சுப் பெண் பயணி, தான் மனதில் உருவாக்கிய துறவி தன் பிடியை விட்டு நழுவியதாகவும், அவரைக் கலைக்க ஆறு மாதம் பாடுபட்டதாகவும் எழுதினார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அப்பத்தா நீங்கள் கூப்பிடாமலேயே பேசினால், அதட்டினால், இதைச் செய் என்று உத்தரவு போட்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால், இந்தப் பயிற்சியே உங்களுக்கு வேண்டாம்.

மனைவியிடம் தாராளமாகச் சொல்லுங்கள். "அப்பத்தாவை நினைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்தால் இடுப்பு கொஞ்சம் தேவலை" என்றால் நம் ஊரில் யார் பயப்படப் போகிறார்கள்? துல்பா கதையெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவரிடம் மட்டும் முதலிலேயே முழுதாகச் சொல்லிவிடுங்கள்.