தியெப்போலோவின் வெயில்

கேள்வி: வெனிஸ் ஓவியர் ஜாம்பத்திஸ்தா தியெப்போலோவின் எட்சிங் (செம்புத் தகட்டு அச்சுப்படம்) ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது. இடிந்த கற்களுக்கு நடுவே தலைப்பாகைக் கிழவர்களும் வேறு சிலரும் ஒரு பாம்பை உற்றுப் பார்க்கிறார்கள். இது எந்தப் புராணக் கதை? நிழல்கோடுகள் விட்டுவிட்டு இருக்கின்றனவே, அச்சுக் கோளாறா?

பதில்: எந்தப் புராணத்திலும் இந்தக் காட்சி கிடையாது, நானும் பல நாள் தேடி அலைந்தவன்தான். தேவாலயங்களுக்கும் அரண்மனைகளுக்கும் அவர் தீட்டியதெல்லாம் பிறர் சொன்ன கதைகள். உங்கள் படம் இடம்பெறும் வரிசையின் 23 தகடுகளிலோ மந்திரவாதிகள், ஆந்தைகள், மண்டையோடுகள் என்று மனம் போனபடி வரைந்தார். 1770-இல் அவர் இறந்த பிறகு, மகன் ஜாண்டொமேனிக்கோ 'கற்பனை விளையாட்டுகள்' என்று பொருள்படும் இத்தாலியப் பெயரைச் சூட்டி இவற்றைத் தொகுப்பாக வெளியிட்டார்.

அந்த இடிபாடுகளும் கற்பனைதான். தியெப்போலோ பிறந்த வெனிஸ், கடற்கழியில் மரக்கழிகளை அடித்து இறக்கி அவற்றின் மேல் எழுப்பிய நகரம். ரோமில் இருப்பதுபோன்ற பழைய தூண்களும் வளைவுகளும் அங்கே இல்லை. அவர் காலத்து அச்சோவியர் பிரானேசி ரோமுக்கே போய்க் குடியேறி இடிபாடுகளை அளந்து வரைந்தார். தியெப்போலோவுக்கோ கிழவர் சாய்ந்துகொள்ள ஒரு கல் போதும்.

கோடுகளுக்கு வருகிறேன். அது கோளாறே இல்லை, இந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது! செம்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் வைப்பார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும்; அந்தப் பள்ளத்தில் தங்கும் மை தாளில் ஏறும். நானும் தகடு கீறியிருக்கிறேன். நிழல் என்றதும் கோட்டின் மேல் கோடு போட்டு அடைக்கத்தான் கை துடிக்கும். அவர் அடைக்கவில்லை. ஒரு லென்ஸை எடுத்துக் கிழவரின் அங்கியைப் பாருங்கள்: சின்னச் சின்ன நடுங்கும் கோடுகள், நடுவே வெறும் தாள். தோள்பட்டையில் ஒரு கோடுகூட இல்லாத இடமும் இருக்கும். அங்கே விழுவது உச்சி வெயில்.

ஒரு யோசனை. உங்கள் நகலைக் கண்ணாடிக்கு முன் பிடித்துப் பாருங்கள். அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்பதால், ஊசியோடு குனிந்திருந்த தியெப்போலோ தகட்டில் கண்ட காட்சி கண்ணாடியில் தெரிவதுதான்.