பாகம் இலவசம், கூலி யார் தலையில்?

கேள்வி: கிளட்ச் வழுக்கியதால் ஊரிலுள்ள ஓர் ஒர்க்‌ஷாப்பில் என் காருக்கு கிளட்ச் செட் மாற்றினேன். செட்டுக்கு 7,800 ரூபாயும் கூலிக்கு 4,500 ரூபாயும் பில் போட்டார்கள். ஐந்தாவது மாதமே கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் போய்விட்டது, வாரண்டியில் புதுசு வாங்கித் தருகிறேன், ஆனால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியை நீங்கள்தான் தர வேண்டும் என்கிறார் உரிமையாளர். பில்லின் பின்புறத்தில் ‘லேபர் வாரண்டியில் சேராது’ என்று அச்சிட்டிருப்பதையும் காட்டுகிறார். இது நியாயமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பேரிங்கில்தான் குறை என்றாலும், மாட்டியதில்தான் தவறு என்றாலும், இரண்டாவது கூலி உங்களைச் சேர்ந்ததல்ல. எந்தக் கம்பெனி செட் என்று தேர்ந்தெடுத்தவரும், அதை வாங்கி லாபம் வைத்து உங்களுக்கு விற்றவரும், கழற்றி மாட்டியவரும் ஒருவரே. விற்பவரின் திறமையை நம்பி வாங்குபவருக்கு அவர் தரும் பொருள், அது எதற்காக வாங்கப்பட்டதோ அந்தப் பயன்பாட்டுக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளையும் இழப்பை மீறியவர் ஈடுகட்ட வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. கியர்பாக்ஸை இறக்காமல் அந்தப் பேரிங்கைத் தொடவே முடியாது என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆகவே அந்தக் கூலியைவிட இயல்பான இழப்பு வேறொன்று இருக்க முடியாது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் என்ற செட்டின் மூன்று உருப்படிகளில் மிகவும் மலிவான பேரிங்கை மட்டும் இலவசமாகத் தந்துவிட்டு, செலவின் பெரும்பகுதியை உங்கள் பக்கம் தள்ளுவதற்கு வாரண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேரிங் கம்பெனி தமக்குக் கூலியைத் தராது என்று உரிமையாளர் சொல்லக்கூடும். அது அவருக்கும் அவருடைய டீலருக்கும் இடையிலான கணக்கு.

பில்லின் பின்புற வாசகத்தைப் பொறுத்தவரை, இத்தகைய பொறுப்புகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ள அதே 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் வேலை முடிந்து பணமும் கட்டிய பிறகு கைக்கு வரும் தாளில் இருப்பது பேசி ஒப்புக்கொண்ட நிபந்தனை ஆகாது. வண்டியை விடும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஜாப் கார்டிலோ எஸ்டிமேட்டிலோ அந்த வரி இருந்திருந்தால் அவர் வாதத்துக்குச் சற்றுப் பலம் கூடும். அப்போதும், மாட்டியதில்தான் தவறு என்று தெரியவந்தால் அது சேவைக் குறைபாடு, அதை அந்த வரி காப்பாற்றாது.

ஆகவே, ஏன் போயிற்று என்பதுதான் இனி முக்கியம். முதலில் பில்லில் பேரிங்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பேரிங்கையே விட்டுவிடும் சிக்கன வைத்தியமும் நடப்பதுண்டு. கியர்பாக்ஸை இறக்கும்போது உடனிருந்து, கழற்றியவற்றைப் படம் எடுங்கள். பேரிங் நகரும் குழாய் வறண்டு கீறல் விழுந்திருந்தாலோ, பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்து சாய்ந்திருந்தாலோ, முதல் முறை திறந்தபோதே பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்காமல் மூடிவிட்டார்கள் என்று பொருள். பிளேட்டின் நடுப்பல் சிதைந்திருந்தால், ஏற்றும்போது கியர்பாக்ஸின் பாரத்தை அதன்மீது தொங்கவிட்டிருக்க வாய்ப்புண்டு. இவை எதுவும் இல்லாமல் பேரிங் மட்டும் கரகரத்தால் அது பெரும்பாலும் பொருளின் குறையே. மாறாக, பிளேட் அழுந்தும் எஞ்சின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலில் நீலம் பூத்த திட்டுகளும் கருகிய பிளேட்டும் தென்பட்டால், பெடலைப் பாதி மிதித்தபடியே ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டிய பழக்கத்தை அவர் சுட்டிக்காட்டுவார், அதில் நியாயமும் இருக்கும். கிளட்ச் பெடலிலேயே காலை வைத்து ஓட்டுபவராக நீங்கள் இருந்தால், பேரிங் ஓயாமல் பாரத்தோடு சுற்றித் தேயும் என்பதால், அந்தப் பங்கை ஒப்புக்கொண்டு பாதிக் கூலிக்குப் பேசி முடிப்பது கௌரவமான தீர்வு.

கோபத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் போய்ப் பிரித்துவிடாதீர்கள். பிரித்த கணமே சாட்சியம் போய்விடும். ‘உங்களிடமே சரிசெய்துகொள்ளச் சம்மதம், கூலி தர இயலாது, கழற்றிய பாகங்கள் எனக்கு வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். வண்டி உடனே தேவைப்பட்டுப் பணம் கட்ட நேர்ந்தால், ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது என்று பில்லில் எழுதிக் கட்டுங்கள். அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. அதே சட்டத்தின் தயாரிப்புப் பொறுப்பு அத்தியாயத்தைப் பிடித்துக்கொள்ளும்படி யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொருளுக்கே நேர்ந்த சேதமும் வெறும் பண இழப்பும் அதில் அடங்கா. குறைபாடுள்ள பொருள், குறைபாடுள்ள சேவை என்றே எழுதுங்கள்.

கேள்வி: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை ஆன்லைனில் நானே வாங்கிக் கொடுத்து மெக்கானிக்கிடம் மாட்டினேன். இரண்டு மாதத்தில் சார்ஜ் ஏறாமல் போய்விட்டது. விற்றவர் வேறொன்று அனுப்பினார். மெக்கானிக் மறுபடியும் கூலி கேட்கிறார்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கொடுத்துவிடுங்கள். அவர் விற்றது தம் உழைப்பை மட்டுமே. பெல்ட்டை அதிகமாக இறுக்கியது போன்ற தவறு அவர் பக்கம் இல்லாதவரை, பாகம் செத்ததற்கு அவர் பொறுப்பல்ல. இரண்டாவது கூலிக்கு ரசீது வாங்கி, பழைய ஆல்டர்னேட்டர் உள்ளே பழுதானதையும் அதிலேயே குறித்துத் தரச் சொல்லி, அந்தத் தொகையை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். வெளியில் மலிவாக வாங்கும்போது மிச்சமாகும் பணத்துக்குப் பதிலாக நாம் ஏற்றுக்கொள்ளும் சிரமம் இதுதான்.

கேள்வி: சொந்தமாக ஒரே ஒரு கால் டாக்ஸி ஓட்டுகிறேன். மாற்றிய வாட்டர் பம்ப் மூன்றாவது மாதமே ஒழுகுகிறது. பில் கேட்டதற்கு, ‘நம்ம கடைதானே அண்ணே, பில் எதுக்கு’ என்று அனுப்பிவிட்டார்கள். வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் செல்லுமா?
– வாசகர், சென்னை

பதில்: பிழைப்புக்காகத் தாமே ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது, பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவருக்கே அது எட்டாது. பில் தர மறுப்பதை அதே சட்டத்தின் 2(47) பிரிவு முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பணம் ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், வண்டி எண்ணைக் குறிப்பிட்டுப் பேசிய வாட்ஸ்அப் உரையாடலும் பில்லுக்குப் பதிலாக நிற்கும். அவை இருக்குமானால், ஈரோடு வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும். ஒழுகும் பம்ப்போடு வண்டியை ஓட்டி எஞ்சினைச் சூடேற்றிவிட்டு, அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்க மட்டும் முடியாது.