தோள் இறங்கி ஏறிவிட்டது, எக்ஸ்ரே நார்மல். பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ.?

கேள்வி: என் மகனுக்கு வயது 21. பொங்கல் சமயம் மஞ்சுவிரட்டுக் கூட்டத்தில் விழுந்து வலது தோள் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டார்கள். போன மாதம் பரணில் இருந்த பாத்திரத்தை எடுக்கக் கையைத் தூக்கியதும் மறுபடியும் இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அவசியம்தான் அம்மா. தோள்மூட்டுக் கிண்ணம் ஆழமில்லாதது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் கை எலும்பின் தலை அதில் உட்கார்ந்திருக்கிறது. அதை நழுவாமல் பிடிப்பதில் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது கிழிந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

இதைக் கண்டுகொள்ள மருத்துவத்துக்கே வெகுகாலம் ஆனது. குதிகாலை அக்குளில் முட்டுக்கொடுத்துக் கையை இழுத்துத் தோளை ஏற்றும் முறை ஹிப்போகிரட்டஸ் பெயரிலுள்ள பழைய கிரேக்க நூல்களிலேயே இருக்கிறது. திரும்பத் திரும்ப இறங்கும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். தழும்பு இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஏன் மறுபடி இறங்குகிறது என்பதற்கு விடை 1890-இல் பிரான்சின் ப்ரோகா, ஹார்ட்மன் ஆகியோரிடமிருந்து வரத் தொடங்கியது. 1906-இல் ஜெர்மனியின் பெர்த்தெஸ் கிழிந்த விளிம்பைத் திரும்பத் தைப்பதை விவரித்தார். 1923-இல் லண்டனின் பாங்கார்ட் அதையே அழுத்திச் சொன்னார். காயத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெர்த்தெஸுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1940-இல் ஹில், சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். எலும்பின் தலை முன்பக்கம் நழுவிக் கிண்ண விளிம்பில் மோதும்போது அதன் பின்புறம் பள்ளமாகிவிடுகிறது. கையை உள்பக்கம் திருப்பி வைத்து எடுத்தால் அந்தப் பள்ளம் நன்றாகத் தெரியும். நேராக வைத்து எடுத்த படத்தில் தப்பிவிடலாம். ஆகவே 'நார்மல்' என்றால் எந்தக் கோணத்தில் எடுத்தது என்று கேளுங்கள். முதல் நாள் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த வயதில் மறுபடி இறங்கும் வாய்ப்பு அதிகம். கிழிசல் உறுதியானால் நுண்துளை அறுவையில் தைத்துவிடலாம். எலும்பு உடைந்து குறைந்திருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேனும் கேட்கலாம். அதுவரை கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் கொண்டுபோக வேண்டாம். மறுபடி இறங்கினால் வீட்டில் யாரும் இழுக்கக் கூடாது. தோளின் வெளிப்புறத்தில் மரத்துப்போயிருந்தால் நரம்பு பாதித்திருக்கலாம். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.