சோலார் கொட்டேஷனைப் படிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டவில்லை. மூன்றிலும் "5 கிலோவாட் சிஸ்டம், பேட்டரியுடன்" என்றுதான் போட்டிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அந்த 5 கிலோவாட் எதனுடையது என்பதிலிருந்து. ஒருவர் பேனலைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் இன்வெர்ட்டரைச் சொல்லியிருப்பார். 5 கிலோவாட் இன்வெர்ட்டரில் 3.8 கிலோவாட் பேனலை மாட்டினால் எந்த வெயிலிலும் 5 வராது.

மொத்தத் தொகையை அப்படியே வகுத்துப் பார்க்காதீர்கள். பேட்டரியையும் அதற்கான வேலையையும் தனி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மிச்சத் தொகையைப் பேனலின் மொத்த வாட்டால் வகுங்கள். பேட்டரித் தொகையை, உண்மையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய யூனிட்டால் வகுங்கள். பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கத் தகுந்தவை இந்த இரண்டு எண்கள்தான்.

அடுத்தது மாடல் எண். "உயர்தரப் பேனல் 550 வாட்" என்று மட்டும் இருந்தால் நாளை எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து இறக்கலாம். பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றுக்கும் முழு மாடல் எண்ணும் டேட்டாஷீட்டும் இல்லாத தாளை நான் கொட்டேஷன் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

கடைசியாக, தாளின் அடியில் ஒரு வரி இருக்கும்: "கம்பி, ஸ்டாண்டு, இதரப் பொருட்கள் – 1 செட்". விலை குறைந்த கொட்டேஷன் பெரும்பாலும் இந்த வரியில்தான் குறைந்திருக்கும். இதை உடைத்து எழுதச் சொல்லுங்கள். ஸ்டாண்டு அலுமினியமா, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பா, வெறும் பெயின்ட் அடித்ததா? இரும்பு என்றால் பூச்சு எத்தனை மைக்ரான்? 80 என்றால் நல்லது. நட்டு போல்ட் துருப்பிடிக்காத எஃகா? பேனலிலிருந்து வரும் டிசி கம்பி வெயிலைத் தாங்கும் சோலார் கம்பிதானா, 4 சதுர மில்லிமீட்டரா, 6-ஆ? பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் டிசி ஐசோலேட்டர் சுவிட்ச், டிசி, ஏசி என இரண்டு பக்கமும் மின்னெழுச்சியைத் தடுக்கும் எஸ்பிடி, எர்த்திங், மீட்டர் மாற்றும் செலவு, மின் நிறுவன அனுமதி வாங்கும் பொறுப்பு எல்லாம் உள்ளே இருக்கிறதா? இவற்றில் பாதி விட்டுப்போயிருந்தால் அந்த "மலிவு" வேலை முடிவதற்குள் கரைந்துவிடும்.

கேள்வி: ஒருவர் 7.2 யூனிட் ட்யூபுலர் பேட்டரி தருகிறார். இன்னொருவர் 5.12 யூனிட் லித்தியத்துக்கு அதைவிட அதிகம் கேட்கிறார். முதலாவதுதானே லாபம்?

பதில்: 7.2 என்பது 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி நான்கு. ட்யூபுலர் என்பது லெட் ஆசிட் வகை. அந்த வகைப் பேட்டரியைப் பாதிக்கு மேல் தொடர்ந்து காலி செய்தால் ஆயுள் சட்டென்று குறையும். ஆக, கைக்கு வருவது 3.6 யூனிட். 5.12 என்பது 51.2 வோல்ட் 100 ஏஹெச் எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 90 சதவீதம் வரை எடுக்கலாம், அதாவது 4.6 யூனிட். பெயருக்குச் சிறியதாக இருப்பதுதான் உண்மையில் பெரியது. ட்யூபுலருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது வாயு வரும், காற்றோட்டம் வேண்டும் என்பது தனி.

லித்தியத்திலும் வாரண்டியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "10 ஆண்டு அல்லது 25,000 யூனிட், எது முந்துகிறதோ அது" என்று பொடி எழுத்தில் இருக்கும். 10 யூனிட் பேட்டரியைத் தினம் ஒருமுறை முழுதாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 3,650 யூனிட். ஏழு ஆண்டு நிறைவதற்குள் வாரண்டி தீர்ந்துவிடும். வாரண்டி முடியும்போது எத்தனை சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 60 என்று எழுதுபவரும் உண்டு, 80 என்று எழுதுபவரும் உண்டு. விலையை வாரண்டி யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட்டைச் சேமித்து எடுக்க என்ன செலவு என்று தெரிந்துவிடும். இரண்டு பேட்டரிகளை ஒப்பிட இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: 4 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 5 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறார்கள். 1 கிலோவாட் வீண்தானே? ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. பேனலின் வாட் எண் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போவது சாதாரணம். டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். தூசும் சாய்வும் இன்னும் கொஞ்சம் எடுக்கும். 1.2, 1.3 மடங்கு பேனல் போடுவது வழக்கம்தான். பளிச்சென்ற சில மணி நேரம் மட்டும் இன்வெர்ட்டரின் அளவை மீறும் மேல்முனை வெட்டுப்படும். காலையிலும் மாலையிலும் கிடைக்கும் கூடுதல் அதைவிட அதிகம்.

நீங்கள் சரிபார்க்க வேண்டியது வோல்டேஜ். 550 வாட் பேனல் ஒன்றின் திறந்த சுற்று வோல்டேஜ் (எதிலும் இணைக்காதபோது இருப்பது) ஏறத்தாழ 50. பன்னிரண்டைத் தொடராகக் கட்டினால் 600. குளிரில் வோல்டேஜ் ஏறும். 5 டிகிரி விடியலில் அது 630-ஐத் தொடும். இன்வெர்ட்டரின் உச்சவரம்பு 600 என்றால் முதல் குளிர்காலத்திலேயே போர்டு போய்விடலாம், வாரண்டியும் கிடைக்காது. அதேபோல, பேனல் 13 ஆம்பியர் தரும்போது இன்வெர்ட்டர் உள்ளீடு 11 ஆம்பியர்தான் ஏற்கும் என்றால் மிச்சம் வீண். அது பழைய இன்வெர்ட்டரைத் தள்ளிவிடும் கொட்டேஷனாக இருக்கும். எந்தத் தொடரில் எத்தனை பேனல் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். வரைந்து தரத் தயங்குபவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: பேட்டரி இருந்தால் கரண்ட் போனாலும் வீடு முழுக்க ஓடும் இல்லையா?

பதில்: அதற்கென்று வாங்கினால்தான் ஓடும். லைன்மேன் வேலை செய்யும் கம்பியில் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதால், மின்தடை வந்தவுடன் கிரிட்டோடு, அதாவது மின் நிறுவன இணைப்போடு, சேர்ந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பேக்கப் வசதியும் மாற்று சுவிட்சும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். யூனிட்டைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 5 யூனிட் பேட்டரி ஒரே நேரத்தில் 2.5 கிலோவாட்தான் தரும் என்றால், ஏசி ஓடும்போது மோட்டார் போட்டவுடன் டிரிப் ஆகும். சாதாரண மோட்டார் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், இணைய ரவுட்டர் இவற்றைத் தனி போர்டில் பிரித்துக் கொடுப்பது நல்லது. மின்தடை நீளும்போது பேனலிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆகுமா என்பதையும் கேளுங்கள். எல்லா அமைப்பிலும் ஆகாது.

48 வோல்ட் பேட்டரியில் 5 கிலோவாட் எடுத்தால் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தக் கம்பி 35 சதுர மில்லிமீட்டர் தடிமனும் ஓரிரு மீட்டர் நீளமும் இருந்தால் கவலையில்லை. பேட்டரி ஒரு மூலை, இன்வெர்ட்டர் எதிர்மூலை என்று இடம் காட்டினால் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: மாலையில் பக்கத்து மரத்து நிழல் இரண்டு பேனலில் விழும். ஆப்டிமைசர் எல்லாப் பேனலுக்கும் போட வேண்டும் என்கிறார்.

பதில்: ஆப்டிமைசர் என்பது ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயங்க வைக்கும் சிறு கருவி. நிழல் ஒரு மணி நேரம்தான் என்றால் தேவையில்லை. பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டையோடு நிழல் பட்ட பகுதியை விலக்கிவிடும். மற்றவை ஓடும். பாதி நாள் நிழல் என்றால் யோசிக்கலாம். சில கம்பெனி ஆப்டிமைசரை வேண்டிய பேனலில் மட்டும் மாட்டலாம், சிலவற்றில் எல்லாவற்றிலும் மாட்டியே ஆகவேண்டும். கூரை இரண்டு திசை பார்க்கிறது என்றால் இரண்டு எம்பிபிடி (ஒவ்வொரு பேனல் தொடரிலிருந்தும் முடிந்த அளவு மின்சாரத்தை எடுக்கும் உள்ளீடு) உள்ள இன்வெர்ட்டரே போதும்.

கேள்வி: டாப்கானா, பெர்க்கா?

பதில்: இரண்டும் பேனல் செல்லின் வகைகள். விலை வித்தியாசம் சிறிதென்றால் டாப்கான். சூட்டில் இழப்பு குறைவு, ஆண்டுத் தேய்மானமும் குறைவு. இடம் தாராளமாக இருந்து பெர்க் கணிசமாக மலிவாகக் கிடைத்தால் ஒரு பேனல் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: "நான்கே ஆண்டில் போட்ட பணம் திரும்பும்" என்று அட்டவணை போட்டுத் தந்திருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அட்டவணைக்குள் என்ன ஊகம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். மின்கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று வைத்தால் 25 ஆண்டில் கட்டணம் ஆறு மடங்கைத் தாண்டும். அதன் பிறகு எந்தக் கணக்கும் அழகாகத்தான் வரும். ஏற்றம் பூஜ்யம் என்று வைத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பேட்டரியின் லாபத்தை இரண்டு முறை எண்ணுவது. பகலில் மிஞ்சும் யூனிட்டைக் கிரிட்டுக்கு விற்றாலும் ஏதோ ஒரு விலை கிடைக்கத்தான் போகிறது. அதை பேட்டரியில் வைத்து இரவில் எடுத்தால் மிச்சமாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதிலும் 10 யூனிட் உள்ளே போனால் ஏறத்தாழ 9 தான் வெளியே வரும். வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் பேட்டரி பணம் மிச்சம் பிடிக்காது, மின்தடைக்கு மட்டும்தான் உதவும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் நிறைய.

உற்பத்தி எண்ணையும் நீங்களே சரிபார்க்கலாம். ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் என்ற இணையக் கணிப்பான் இலவசம். கூரையின் இடம், சாய்வு, திசை கொடுத்தால் மாதவாரியாக யூனிட் தரும். இழப்புக்கு 14 சதவீதம் தானாகவே போட்டிருக்கும். விற்பவரின் எண் இதைவிட 15 சதவீதம் அதிகம் என்றால் காரணம் கேளுங்கள்.

கேள்வி: 25 ஆண்டு வாரண்டி என்றால் கவலையில்லைதானே?

பதில்: அது பேனலின் உற்பத்தித் திறனுக்கு. உடைப்பு, உள்ளே ஈரம் புகுவது போன்றவற்றுக்கான வாரண்டி தனி, அது 12 ஆண்டாகவும் இருக்கலாம். இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10. கூரையில் ஓட்டை போட்ட இடத்தில் கசிந்தால் பார்க்கவேண்டியது பொருத்தியவரின் வேலை வாரண்டி. பல கொட்டேஷன்களில் அந்த வரியே இருக்காது. கழற்றி மாட்டும் கூலி யாருடையது என்றும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வேலை முடிந்த அன்று என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பேனல்களின் சீரியல் எண் பட்டியல், கட்டிய வரைபடம், எர்த் ரெசிஸ்டன்ஸ் அளவு, ஒவ்வொரு தொடரின் வோல்டேஜ் அளவு. பேனல் கம்பிகளை இணைக்கும் எம்சி4 கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியா என்று குனிந்து பாருங்கள். பொருந்துகிறதே என்று வேறு வேறு கம்பெனியைச் சேர்த்தால் உள்ளே தொடர்பு தளர்ந்து சூடேறி உருகும். கூரையில் தீப்பிடிக்க இது ஒரு வழக்கமான காரணம். கண்காணிப்புச் செயலியின் உரிமையாளர் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் செட்டிங்கைக்கூட மாற்ற முடியாமல் நிற்பீர்கள். கடைசித் தவணையை, மீட்டர் மாற்றி மின் நிறுவனம் இணைப்புக் கொடுத்த பிறகே தாருங்கள்.