60 படிவங்களிலும் ‘நன்று’ என்றே வந்தால்

வணக்கம். உங்கள் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்த மறுவாரமே தையல்காரர்களிடம் கருத்துக் கேட்டதாகவும், 60 பேரும் ‘நன்று’ என்றே குறித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். படிவங்களை வாங்கியது யார்? அந்தந்த லைன் சூப்பர்வைசரே என்றால் வேறு விடை எப்படி வரும்? நாளைக்கு லீவு கேட்டு அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்!

பெயரும் டோக்கன் எண்ணும் இல்லாத தாளைக் கொடுங்கள். பெட்டியைக் கேமரா பார்க்காத இடத்தில் வையுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் அச்சிடுங்கள். எழுதத் தெரியாதவர்களிடம் வெளியாள் ஒருவர் தனியாகக் கேட்கட்டும்.

கேள்வியையும் மாற்ற வேண்டும். “சூப்பர்வைசர் எப்படி?” என்று நாங்கள் கேட்டவரை ஒன்றும் கிடைக்கவில்லை. “கடைசியாக உங்கள் பீஸ் ஆல்டருக்குத் (பழுது திருத்த) திரும்பியபோது அவர் என்ன செய்தார்?” என்று கேட்டோம். “மெஷின் மேலே வீசிவிட்டுப் போனார், எங்கே தவறு என்று சொல்லவில்லை” என்றார் ஓவர்லாக் தைக்கும் ஓர் அக்கா. பழுதைக் காட்டித் திருத்துவது எப்படி என்று அடுத்த பயிற்சியில் அரை நாள் ஒதுக்கியது அந்த ஒரு வரியால்தான்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: மனப்பதிவு, கற்றது, நடத்தை, விளைவு. தையல்காரர்களால் மூன்றாவதைத்தான் சொல்ல முடியும். நடத்தை மாற நாளாகும்; எனவே இரண்டு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அதற்குள், அவர்கள் சொன்னதில் எதை மாற்றினீர்கள் என்று கேன்டீன் பலகையில் எழுதிப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பெட்டி காலியாகத்தான் இருக்கும்.