டெக்சாஸில் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மாவட்டம் அமைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பக்கத்து நிலத்தில் பெரிய பம்பு வைத்து இறைக்கத் தொடங்கிய பின் எங்கள் கிணறு இறங்கிவிட்டது. வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: தொடுக்கலாம், வெல்வது அரிது. டெனிசன் நகரில் ஒரு ரயில்வே நிறுவனம் நாளொன்றுக்கு 25,000 காலன் இறைத்ததால் ஈஸ்ட் என்பவரின் வீட்டுக் கிணறு வற்றியது. அவர் தொடுத்த வழக்கில், தன் நிலத்தில் இறைப்பவர் அண்டை வீட்டாருக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1904இல் தீர்ப்பளித்தது. வேண்டுமென்றே கெடுதல் செய்வது, நீரை வீணடிப்பது போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விதி இன்றும் நிற்கிறது. ஆகவே, இறைப்புக்கு வரம்பு வேண்டுமென்றால் உங்கள் பகுதிக்கு ஒரு பாதுகாப்பு மாவட்டம் (நிர்வாக மாவட்டமல்ல, நிலத்தடி நீர் இறைப்பை ஒழுங்குபடுத்தும் உள்ளூர் அமைப்பு) வேண்டும்.

கேள்வி: அதற்கு யாரை அணுகுவது?

பதில்: இரண்டு வழிகள் முக்கியமானவை. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் மூலம் தனிச் சட்டம் கொண்டுவருவது ஒன்று; பெரும்பாலான மாவட்டங்கள் இவ்வாறே பிறந்தன. ஆனால் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே, 140 நாள்களுக்குள், நடைபெறும் என்பதால் முந்தைய ஆண்டிலேயே வரைவு கையில் இருக்க வேண்டும். மாநிலச் சுற்றுச்சூழல் தர ஆணையத்திடம் மனு அளிப்பது மற்றொன்று. அதில் நில உரிமையாளர்களுள் பெரும்பான்மையினர், அவர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் குறைந்தது 50 பேர், கையெழுத்திட வேண்டும். மனுவில் கையெழுத்திடுபவர்கள் நில உரிமையாளர்கள்; பின்னர் மாவட்டத்தை உறுதிசெய்யும் தேர்தலில் வாக்களிப்பவர்களோ அங்கே பதிவு பெற்ற வாக்காளர்கள். ஹூஸ்டனில் குடியிருந்துகொண்டு இங்கே நிலம் மட்டும் வைத்திருப்பவர்களின் கையெழுத்துகளை நம்பித் தேர்தலுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: பத்து ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், வீட்டுக்கோ கால்நடைகளுக்கோ பயன்படும், நாளொன்றுக்கு 25,000 காலனுக்கு மேல் இறைக்க இயலாத கிணற்றுக்கு அனுமதி வேண்டியதில்லை, பதிவு மட்டும் கேட்கப்படலாம். ஈஸ்டின் கிணற்றை வற்றச் செய்த அளவும் அதுவேதான் என்பதை எண்ணிப் பார்க்கையில் சிரிப்பு வரவில்லை.

கேள்வி: புதிய வரி வருமா?

பதில்: வாக்காளர்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே. பொதுச் சட்டத்தின்படி உச்ச வரம்பு 100 டாலர் சொத்து மதிப்புக்கு 50 சென்ட். வரிக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ, வேளாண் பயன்பாட்டுக்கு ஏக்கர்-அடிக்கு (ஏறத்தாழ 3,26,000 காலன்) ஆண்டுக்கு 1 டாலர் வரையும், பிற பயன்பாட்டுக்கு 10 டாலர் வரையும் கட்டணம் வசூலிக்கலாம். வரியே கிடையாது என்று வாக்குறுதி தந்து தேர்தலில் வெல்வது எளிது. ஆனால் பின்னர் கண்காணிப்புக் கிணறு அமைக்கவும், நீரியல் வல்லுநரை அமர்த்தவும், பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்களை எதிர்கொள்ளவும் பணமிராது. அத்தகைய மாவட்டம் பெயரளவில்தான் இருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: இறைப்பை முற்றிலும் தடை செய்யலாமா?

பதில்: கூடாது. நிலத்தடியில் இருக்கும் நீரும் நில உரிமையாளரின் சொத்தே என்று 2012இல் எட்வர்ட்ஸ் நீர்ப்படுகை (நிலத்தடியில் நீரைத் தேக்கி வைத்திருக்கும் பாறை அடுக்கு) வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், அளவுகடந்த கட்டுப்பாடு இழப்பீட்டில் முடியலாம். கிணறுகளுக்கிடையே இடைவெளி, ஆண்டு வரம்பு, வறட்சிக் காலக் குறைப்பு ஆகியவை போதும்.

கேள்வி: எங்கள் கவுண்டிக்கு (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவு) மட்டும் மாவட்டம் அமைத்து என்ன பயன்? நீர்ப்படுகை எல்லை பார்க்குமா?

பதில்: பார்க்காது. ஆகவேதான் மாநிலம் 16 மேலாண்மைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றிலும் உள்ள மாவட்டங்கள் ஒன்றுகூடி வாக்களித்து, வருங்காலத்தில் நீர்மட்டம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. மாவட்டம் இல்லாத கவுண்டிக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. உங்கள் அடியில் உள்ள நீரைப் பற்றிப் பக்கத்துக் கவுண்டிக்காரர்களே முடிவு செய்வார்கள்.